ரெண்டு வார வேலை பாக்கி

எங்கள் மேஸ்திரிக்கு நான் வைத்த பெயர் ‘ரெண்டு வாரம்’. எப்போது கேட்டாலும் மனிதர் பின்மண்டையைச் சொறிந்துகொண்டு, “இன்னும் ரெண்டே வாரம்தாம்மா” என்பார். நாங்கள் குடி வந்த அன்றைக்கும் அதைத்தான் சொன்னார். ஏழாவது வாரத்திலும் அதையேதான் சொன்னார், அதே மண்டையைச் சொறிந்துகொண்டு.

முடியாத வீட்டுக்கு யாராவது குடி வருவார்களா என்று கேட்காதீர்கள். கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. தன் மகள் பிள்ளைகுட்டியோடு வந்து இறங்கப் போகிறாள், மாசக் கடைசியில் சாவி கைக்கு வந்தாக வேண்டும் என்று வாடகை வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் நின்றார். கண் தெரியாத மனிதரைக் கூட்டிக்கொண்டு நடுவில் இன்னொரு வீட்டுக்குப் போய், அங்கே கதவு எங்கே, சுவர் எங்கே என்று பழக்கி, மறுபடி இங்கே வருவதா? ஒரேயடியாகப் புது வீட்டுக்கே போய்விடலாம் என்று நான்தான் சொன்னேன். ஆமாம், நானேதான்.

என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். கண்ணில் அழுத்தம் கூடி, மூன்றே வருஷத்தில் இரண்டு கண்ணும் போய்விட்டது. கொஞ்சம் பார்வை மிச்சமிருந்தபோதே, மூக்கு தாளில் உரச உரச, இந்த வீட்டுக்கான படத்தை அவரே வரைந்தார். கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் பதினொரு காலடி. நடுவில் படி கிடையாது, திருப்பம் கிடையாது. அந்தப் பதினொரு காலடிக்காகத்தான் இந்த வீட்டையே கட்டினோம். கண் முழுசாகப் போன வாரத்தில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்:

“சாப்பாடு எடுத்துப் போடு, சட்டை எடுத்துக் குடு, ரோட்டுல கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ. எதுக்கும் நான் மறுப்பு சொல்ல மாட்டேன். பாத்ரூமுக்கு மட்டும் நானே போயிக்கிறேன். அதுக்கும் நீ வந்து நின்னேன்னு வை, அப்புறம் நான் மனுஷனே இல்ல.”

அவர் மனசில் வீடு எப்போதோ கட்டி முடிந்துவிட்டது. வெளியில்தான் முடியவில்லை. காலையில் சிமெண்ட் மூட்டை இருந்த இடத்தில் சாயங்காலம் டைல்ஸ் பெட்டி இருக்கும். நேற்று காலியாக இருந்த மூலையில் இன்று ஏணி சாய்ந்திருக்கும். இரண்டு தடவை கால் விரலை இடித்துக்கொண்டார். ஒரு தடவை நெற்றி. நான் கத்தித் தீர்ப்பேன். வேலையாட்கள் அன்றைக்கு ஒதுக்கி வைப்பார்கள், மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி. இந்த வார்த்தையை அவர் காதுபட நான் சொன்னதில்லை.

கயிறு அவருடைய யோசனை. துணி காயப்போட வாங்கின நைலான் கயிற்றைக் கட்டில் தலைமாட்டுக் கம்பியில் கட்டி, ஜன்னல் கம்பி வழியாக இழுத்து, பாத்ரூம் நிலையில் அடித்த ஆணியில் முடிந்தேன். இடுப்பு உயரத்தில் விறைப்பாக நின்றது. “இதை எவனாவது தொட்டீங்க, கையை ஒடிச்சு அடுப்புல வச்சிடுவேன்” என்று எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னேன். அவர்களும் நல்லவர்கள்தான். கயிற்றின் இரண்டு பக்கமும் ஒரு துரும்புகூட வைக்கவில்லை. அவர் எழுந்தால் போதும், “சார் லைன்ல வர்றாரு, வழி விடுங்கப்பா” என்று குரல் வரும். அவரும் உள்ளே போய்விட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, “வண்டி டயத்துக்கு வந்து சேர்ந்துடுச்சா?” என்று கேட்பார். பல மாசத்துக்குப் பிறகு அந்த மனிதர் ஜோக்கடித்ததை அப்போதுதான் கேட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பத்து நாள் அப்படிப் போயிற்று.

அன்று காலை சமையலறைச் சுவரில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார் டைல்ஸ்காரர். மெலிந்த மனிதர், காதில் எப்போதும் ஒரு பென்சில். போய்ப் பார்க்கிறேன், பூப் போட்ட டைல்ஸ் எட்டும் தலைகீழ். தொட்டி மேலே, பூ கீழே.

“என்னங்க இது? நான் சமைக்கிறப்போ தலைகீழா நின்னுக்கிட்டுப் பார்க்கணுமா?”

“கவனிக்கலம்மா. பூதானே, எப்படி இருந்தாலும் பூ பூதான். இருக்கிறது ரெண்டு பேரு. யாரும்மா பார்க்கப் போறா?”

அவர் யோசித்துச் சொல்லவில்லை. எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. இந்த வீட்டில் பார்க்க யாருமில்லை என்று என் முகத்துக்கு நேராகவே சொல்கிறானே! “எல்லாத்தையும் பேத்து எடு! இனிமே எங்கிட்ட நீ வாயே திறக்கக் கூடாது. எதுவா இருந்தாலும் மேஸ்திரிகிட்ட சொல்லு!” என்றேன். ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டது. மனிதர் பேசாமல் உளியை எடுத்தார். நான் விடுவிடுவென்று வெளியே போய், புதுசாய்ப் பூசின மதில் சுவருக்குத் தண்ணீர் விட ஆரம்பித்தேன். ஆத்திரத்தில் சுவரை விட என் புடவைதான் அதிகம் நனைந்தது.

அந்த ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். பேர்த்த சுவர் காய வேண்டும் என்பதால், மேஸ்திரி டைல்ஸ்காரரைப் பாத்ரூம் தரை ஒட்ட அனுப்பியிருக்கிறார். தரை ஒட்டினால் மறுநாள் வரை அதில் கால் வைக்கக் கூடாது. சார் பச்சைத் தரையில் கால் வைத்து வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று டைல்ஸ்காரர் கவலைப்பட்டிருக்கிறார். பாத்ரூமுக்குப் பக்கத்திலேயே வெளியே போகிற கதவு ஒன்று உண்டு. அதற்கப்பால் வேலையாட்களுக்காகத் தகரம் அடைத்த கக்கூஸ். அதனால் அவரே கயிற்றை ஆணியிலிருந்து அவிழ்த்து, அந்தக் கதவு வழியாகக் கொண்டுபோய்த் தகரக் கக்கூஸின் கம்பத்தில் கட்டிவிட்டார். கதவுக்கு வெளியே படி இன்னும் கட்டவில்லை, மூன்றடிப் பள்ளம். அதனால் இரண்டு சாரப் பலகையைச் சாய்த்துப் போட்டு, தானே ஏறி இறங்கிப் பார்த்திருக்கிறார். பிறகு மேஸ்திரியிடம், “அம்மாகிட்ட சொல்லிடுங்க” என்று சொல்லியிருக்கிறார். மேஸ்திரி தலையாட்டியிருக்கிறார், மறந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் முன்பக்கம் பூசிக்கொண்டிருந்த கொத்தனார் வந்து பலகையை எடுத்துப் போய்விட்டார். சும்மா கிடந்த பலகை, சாரத்துக்கு வேண்டும். அவ்வளவுதான்.

நான் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தபோது அந்தக் கதவில் என் வீட்டுக்காரர் நின்றார். ஒரு கை கயிற்றில். இன்னொரு கை லுங்கியைப் பிடித்திருந்தது. காலை மெதுவாக முன்னால் நீட்டித் தரையைத் தேடிக்கொண்டிருந்தார்.

“நில்லுங்க! என்னங்க, நில்லுங்க!”

டைல்ஸ் வெட்டுகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாலு தெருவுக்குக் கேட்கிற என் தொண்டை என் காதுக்கே கேட்கவில்லை. எனக்கும் அவருக்கும் நடுவில் ஜல்லி ஒரு ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. ஏறினேன், சரிந்தேன், மறுபடி ஏறினேன். அவர் காலை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினார். கயிறு முன்னால் போகிறதே, தரையும் இருக்கும் என்று நம்பினார். அடுத்த நொடி கதவில் அவர் இல்லை.

மணல் மேல்தான் விழுந்திருந்தார். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. ஆனால் லுங்கி முழுக்க நனைந்துவிட்டது. மெஷின் நின்றது. ஆறு பேர் ஓடி வந்து சுற்றி நின்றார்கள், கைத்தாங்கலாகத் தூக்கினார்கள். அத்தனை பேருக்கும் தெரிந்தது, ஒருவரும் கீழே பார்க்கவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்றார்.

டைல்ஸ்காரர் அழுதேவிட்டார். “எந்தப் பாவி கயித்தை மாத்தினது?” என்று நான் கேட்டதும் அவர்தான் முன்னால் வந்தார்.

“நான்தாம்மா. வழுக்கிடக் கூடாதேன்னுதான்... உங்ககிட்ட ஓடி வந்து சொல்லத்தான் நெனச்சேன். பேசக் கூடாதுன்னுட்டீங்களேம்மா.”

திட்டத்தான் வாயைத் திறந்தேன். யாரைத் திட்ட?

உள்ளே கூட்டிப் போய்த் துடைத்து, வேறு லுங்கி கட்டிவிட்டேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பதினொண்ணு தாண்டினப்பவே தப்பாச்சேன்னு தோணிச்சு” என்றார். “ஆனா கயிறு நீ கட்டினதாச்சே. நீதான் எதுக்கோ மாத்தியிருப்பேன்னு நெனச்சேன்.”

உண்மையைச் சொன்னேன். தலைகீழ்ப் பூவையும் சொன்னேன், நான் போட்ட சண்டையையும் சொன்னேன். அவர் கோபப்படுவார், அந்தச் சாக்கில் நான் அழுதுகொள்ளலாம் என்று பார்த்தேன். அவர், “கயித்தை அவுத்துடு” என்றார்.

இப்போது வீடு முடிந்துவிட்டது. ஆமாம், நிஜமாகவே. படி கட்டியாயிற்று, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்று, பூ நேராக நிற்கிறது. மேஸ்திரி தலையைச் சொறியாமல் விடைபெற்றுப் போனார். அறையில் கட்டிலைத் தவிர ஒரு சாமான் இல்லை. நான் அவர் கையைப் பிடித்துச் சுவர் முழுக்கத் தடவிக் காட்டினேன். “பாருங்க, வழியில ஒண்ணுமில்ல. இனிமே எதுவும் இடம் மாறாது. வேலை முடிஞ்சிடுச்சு.”

“முடிஞ்சிடுச்சுன்னு நீ சொல்ற. நான் எப்படிம்மா பார்க்கிறது?”

கேட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். இப்போதெல்லாம் பாத்ரூமுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார். என்மேல் கோபமா என்றால், இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேற்று மருந்துக் கடைக்குப் போனவள் மழையில் மாட்டிக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்துச் சொட்டச் சொட்ட வந்து கதவைத் திறந்தால், அவர் கட்டிலின் விளிம்பில் முழங்காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

“எவ்வளவு நேரமாங்க இப்படி?”

“இப்பத்தான். நீ மொதல்ல தலையைத் துவட்டு” என்று சொல்லிக்கொண்டே என் பக்கமாகக் கையை நீட்டினார்.