பதிலுக்கு நின்றவள்

இத்தாலியின் பலேர்மோ நகரில் வீட்டு வேலை செய்யும் நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. லீவில் போகிறவள் தன் இடத்துக்குத் தானே ஓர் ஆளைப் பிடித்து விட்டுப் போக வேண்டும். அந்த ஆள் தன்னைவிடக் கெட்டிக்காரியாக இருந்துவிடக் கூடாது என்பதைக் கோயில் வாசலில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் ஆள் பிடிக்கிறார்கள்.

எமிலியானாவும் அப்படித்தான் பிடித்தாள். மாசியில் விமானச் சீட்டு மலிவு, வியன்னாவில் சனக்கூட்டமே இருக்காது என்று புருசன் விமலராஜ் ஆசை காட்டியதும், தேடித் தேடிக் கேசிகாவைக் கொண்டுவந்து விட்டாள். கேசிகா மன்னாரிலிருந்து வந்து கொஞ்சக் காலம்தான். பாஸ்தாவைக் கஞ்சியாக்கிவிடுவாள், வாய் மட்டும் ஓயாது. இரண்டு நாளிலேயே வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோரா நின்ஃபா தன்னை நினைத்துக் கண்ணைக் கசக்குவார் என்று எமிலியானா மனப்பால் குடித்தாள். சீசா என்ற பகுதியில் தனியே இருக்கும் அந்த மூதாட்டியை வருசக்கணக்காகக் குளிப்பாட்டித் தலைவாரிவிடுகிறவள் அவள். பெற்ற பிள்ளைகளை விடத் தன்னில்தான் அவருக்குப் பாசம் என்று நம்பியிருந்தாள்.

வியன்னா வெறிச்சோடிக் கிடந்தது. அரண்மனை வாசலில் வரிசைகூட இல்லை. விமலராஜ் பனியை அள்ளி அள்ளி எறிந்து விளையாடினான். எமிலியானாவோ இரவல் கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு வீடியோ கோல் எடுத்தாள். திரையில் சிஞ்ஞோரா வாய்கொள்ளாமல் சிரித்தார். அவருக்குப் பின்னால் கடல் தெரிந்தது.

"எங்கையடி நிக்கிறியள்?" என்று கேசிகாவைக் கேட்டாள்.

"ஸ்ஃபெர்ராகவால்லோவிலை அக்கா. மீன் சாப்பிட வந்தனாங்கள். பஸ்ஸிலைதான். சிஞ்ஞோராவுக்குச் சரியான புழுகம், ஒரே சிரிப்பு!"

எமிலியானா ஆத்திரத்தோடு அழைப்பைத் துண்டித்தாள். சளி பிடிக்கும், கால் வழுக்கும் என்று குளிர்காலம் முழுக்கச் சிஞ்ஞோராவை வாசல் தாண்ட விடாமல் பொத்திப் பொத்தி வைத்தவள் அவள். வெளியே போவோமா என்று அவர் கேட்காமலும் இல்லை. எமிலியானாதான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது இந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்ததில் ஆத்திரம் இன்னும் கூடியது.

"நீ ஊர் பாக்க வந்தனியோ, போன் பாக்க வந்தனியோ?" என்றான் விமலராஜ்.

"சிஞ்ஞோராவுக்கு உடம்பு ஏலாதாம். நான் போறன்" என்று கூசாமல் புளுகினாள். மிச்ச வியன்னாவை அவன் தனியே பார்த்தான்.

பலேர்மோவில் இறங்கியவள் பெட்டியோடு நேரே சீசாவுக்குப் போய் மணியை அடித்தாள். கேசிகா கதவைத் திறந்தாள். சிஞ்ஞோரா கோட்டு மாட்டி, உதட்டுக்குச் சாயம் பூசித் தயாராக நின்றார்.

"எமிலியானா! பகேரியாவுக்குப் பழைய மாளிகைகள் பார்க்கப் போகிறோம். நீயும் வாயேன்" என்றார், வந்த விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல.

எமிலியானா கேசிகாவின் பக்கம் திரும்பினாள்.

"உன்ர வேலை முடிஞ்சுது. திறப்பைத் தந்திட்டுப் போ."

"இன்னும் நாலு நாள் இருக்கே அக்கா..."

"தா எண்டு சொன்னனான்."

கேசிகா சாவியை மேசையில் வைத்தாள். சிஞ்ஞோராவின் இரு கன்னங்களிலும் முத்தமிட்டுவிட்டுப் படியிறங்கினாள். தமிழில் ஒரு சொல்லும் தெரியாத சிஞ்ஞோராவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

வீடு மறுபடி தன் கைக்கு வந்த நிம்மதியில் எமிலியானா அவரருகே குனிந்தாள். "வெளியே நல்ல குளிர், சிஞ்ஞோரா" என்று கோட்டுப் பொத்தானைக் கழற்றப் போனாள்.

சிஞ்ஞோரா இரண்டு கைகளாலும் கோட்டை இழுத்து மூடிக்கொண்டார்.

"இனி எப்போது லீவில் போவாய்?" என்று கேட்டார்.