ரஞ்சிதத்தின் கீரைப் பாத்தியில் ஒரு டேசியக் கோட்டை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ருமேனியாவில் நடக்க வேண்டியது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே மலைமேல் கோட்டை கட்டி வாழ்ந்த டேசியர்களைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன். ஆனால் நான் இருக்கும் தானா ராத்தாவிலிருந்து பஸ்ஸில் மலை இறங்கினாலே எனக்கு வாந்தி வரும். ஆகவே கோட்டையை இங்கே, மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக்கே தூக்கி வந்துவிட்டேன்.

2

‘பனி மூடிய மலையின் மௌனத்தில், காலம்...’

(சகிக்கவில்லை. விட்டுவிட்டேன்.)

கொழுந்து பறிக்கும் ரஞ்சிதம், தோட்டத் தொழிலாளர் வரிசையான லயத்தில் தன் வீட்டின் பின்னால் கீரைப் பாத்தி கொத்தியபோது மண்வெட்டி ணங்கென்றது. செதுக்கிய கல். உடனே தொல்லியலாளர் உதயனை வரவழைத்துச் சுற்றிலும் தோண்டவைத்தேன்.

“ரெண்டு பக்கமும் கல்லு, நடுவுல மண்ணு, குறுக்கே மரம் சொருகின பள்ளம். டேசியர் சுவரேதான்! இங்க எப்படி வந்துச்சு?” உதயனுக்கு அழுகையே வந்துவிட்டது.

(அடிக்குறிப்பு: கொண்டுவந்து வைத்தது நான். அவரிடம் சொல்லாதீர்கள்.)

3

கதைக்கு ஒரு சிக்கல் வேண்டுமே என்று, லயத்தை இடித்து ஓட்டல் கட்டப்போகும் ஒரு தோட்டத்துரையையும் சேர்த்தேன். ரஞ்சிதத்துக்குப் போக வேறு இடமில்லை.

மறுநாள் உதயன் கல்லைப் பெயர்த்தெடுக்க வந்தார். அதற்குள் அதற்கு மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்து, சுருட்டும் படைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுச் செல்லையா சாமியாடிக்கொண்டிருந்தார்.

“ஐயோ, இது டேசியர் கோட்டைங்க!”

“அப்ப இவரு கோட்டை முனி லா. செருப்ப கழட்டிட்டு நில்லுங்க சார்,” என்றாள் ரஞ்சிதம்.

உதயன் கழற்றினார்.

இடிக்கும் இயந்திரத்தை ஓட்டி வந்த ரூபன், குங்குமத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டான். “நானே ஓட்டறேன்!” என்று கத்திக்கொண்டு துரை ஏறினார்.

4

முடிவுகள்:

அ) உதயனின் பேச்சைக் கேட்டு அரசாங்கம் லயத்தைக் காக்கிறது. (யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை.)

ஆ) முனி துரையை அடிக்கிறார். (வேறு துரை வருவார்.)

இ) துரை சாவியைத் திருக, ரஞ்சிதத்தின் அடுப்படிச் சுவர்...

ரஞ்சிதம் என் கையைப் பிடித்துவிட்டாள்.

“கல்ல வச்சதும் நீங்க, துரைய ஏத்தினதும் நீங்க. பேனாவ கீழ வைங்க சார்.”

“கதைய முடிக்கணுமேம்மா.”

“முடிச்சா எங்க வீடு போயிரும். உள்ள உலை கொதிக்குது லா.”

வெட்கமாக இருந்தது. வைத்துவிட்டேன்.

துரையின் கை சாவிமேல் அப்படியே இருக்கிறது. உதயன் வெறுங்காலில் நிற்கிறார். இன்னும் ஒரு வாக்கியம் எழுதினால் இயந்திரம் நகர்ந்துவிடும். நீங்களும் மனத்துக்குள் எதையும் சேர்க்காதீர்கள். யாராவது முடிவு கேட்டால், ரஞ்சிதம் இன்னும் சமைத்து முடிக்கவில்லை என்று சொல்லுங்கள்.