பச்சைக் கதவைத் தேடிப் போன ஆறு பேர்

மதியம் இரண்டே காலுக்கு என் ஆறு ரோபோக்களும் காணாமல் போயின. இதை அக்காவிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அவளே வந்துவிட்டாள்.

"எங்கடா உன் பிள்ளைங்க?"

"வெளிய போயிருக்காங்க" என்றேன். பொய் இல்லையே.

அக்கா சலவைக் கடை நடத்துகிறாள். பின்னால் இஸ்திரி அறை, நடுவில் சின்ன முற்றம், அதைத் தாண்டினால் கடையின் பச்சைக் கதவு. தேய்த்த துணியை முற்றம் வழியாகக் கடைக்குள் கொண்டுபோய் வைப்பதற்காக, முழங்கால் உயரத்தில் ஆறு ரோபோக்கள் செய்து கொடுத்திருந்தேன். அதற்கு முன்னால் சட்டை மடிக்கும் மெஷின் ஒன்று செய்திருந்தேன். அது சட்டையையும் மடித்தது, என் கட்டைவிரலையும் மடித்தது. எனவே அக்கா இந்த முறை கொஞ்சம் எச்சரிக்கையாகத்தான் இருந்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன். கரண்ட் போனாலும், பூகம்பமே வந்தாலும், துணி கீழ விழக்கூடாது."

விழாது. சுவிட்சை அணைத்தால் இன்னும் இறுக்கிப் பிடிக்கிற மாதிரி அவற்றின் கைகளில் கிடுக்கிகளை அமைத்திருந்தேன். என் வாழ்க்கையில் ஒழுங்காக வேலை செய்த ஒரே சாதனம் அந்தக் கிடுக்கிதான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைக்குள் பெஞ்சில், வழக்கமாக வரும் ஒரு பஸ் டிரைவர் உட்கார்ந்திருந்தார். யாரோ வாங்காமல் விட்டுப்போன பூப்போட்ட சட்டையை அக்கா அவருக்கு மாட்டிவிட்டிருந்தாள். அவருடைய யூனிஃபார்ம் ஆறு ரோபோக்களில் ஏதோ ஒன்றின் பிடியில் இருந்தது.

"தம்பி, நாலு மணிக்கு வண்டி எடுக்கணும்" என்றார். "இன்னைக்குக் கடைசி டிரிப். நாளையிலேர்ந்து ரிட்டையர்டு."

"வேற செட்டு இருக்காண்ணே?"

"அதையெல்லாம் போன வாரமே டிப்போல திருப்பிக் குடுத்தாச்சு. யூனிஃபார்ம் இல்லாம சீட்ல ஏற விடமாட்டாங்க. முப்பத்தொரு வருஷம். கடைசி டிரிப்ப வேற ஆளு ஓட்டுறத நான் நின்னு பாக்கணுமா?"

அவர் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். மெதுவாகச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து, காதில் பென்சிலோடு அத்தான் மாடியிலிருந்து இறங்கி வந்தார். அத்தான் சிறுவர் பத்திரிகைக்குப் படக்கதை போடுகிறவர். 'சாவகாசம்' என்று ஒரு துப்பறியும் ஆமை, 'திருகாணி' என்று எதைத் தொட்டாலும் உடைக்கிற ஒரு விஞ்ஞானி. இரண்டு கதைகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே துப்பறியும் கதையாக இந்த வாரம் கேட்டிருந்தார்கள். திருகாணிக்கும் எனக்கும் ஒரே மூக்கு என்பது தற்செயல் என்று அத்தான் சத்தியம் செய்வார்.

"கடைசியா ரோபோவைப் பாத்தது யாரு மாப்ளே?"

"நான்தான்."

"முற்றத்து வாசலத் திறந்து வச்சது?"

"நான்தான்."

"அப்ப முதல் சந்தேக நபர் நீதான்" என்று நோட்டில் என் மூக்கை வரைந்தார்.

நான் எட்டிப் பார்த்தேன். அதே பக்கத்தின் மேலே, காலையில் எழுதியது: 'ரோபோக்கள் ஓடிப்போகின்றன. ஏன்? யோசிக்கணும்.'

எனக்குச் சுருக்கென்றது. "அத்தான், உங்க கதைக்கு முடிவு கிடைக்கலன்னு நீங்களே என் ரோபோவ ஓட்டி விட்டீங்களா?"

"நீ என் கதையத் திருடி ரோபோவுக்குள்ள போட்டுட்டியான்னு நான் கேக்க நினைச்சேன். நீ முந்திக்கிட்ட."

"ரெண்டு பேரும் வெளிய போங்க!" என்றாள் அக்கா. "டிரைவர் அண்ணனோட சட்டை இல்லாம உள்ள வராதீங்க."

டிரைவரும் பூச்சட்டையோடு எங்கள் பின்னாலேயே வந்தார். சந்து முனையில் செருப்பு தைப்பவர், கேட்காமலே சாட்சி சொன்னார்.

"ஆறு பேரும் வரிசையாப் போனாங்க. ஒவ்வொரு வீட்டுக் கதவு முன்னாடியும் நிப்பாங்க, பாப்பாங்க, வேணாம்னு போயிடுவாங்க. பொண்ணு பாக்கப் போறவங்க மாதிரி."

"எந்தப் பக்கம்?"

"லைப்ரரி பக்கம். அவங்க உங்கள மாதிரி இல்ல சார், சத்தமே இல்ல."

கதவு கதவாக எதற்குப் பார்க்க வேண்டும்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தானுக்கும் புரியவில்லை, ஆனால் அவர் புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டே நடந்தார்.

நூலகத்தின் பின்சுவருக்கு முன்னால் ஆறும் நின்றன. சமர்த்தாக இடைவெளி விட்டு, ஒரே வரிசையில், கிடுக்கியில் துணியோடு. அந்தச் சுவரில் அத்தான் ஒரு மாதமாக ஏணியில் ஏறி வரைந்த ஓவியம் இருந்தது. துப்பறியும் சாவகாசத்தின் அலுவலகம். மறைத்திருந்த துணியை அன்று காலையில்தான் எடுத்திருந்தார்கள். படத்தின் நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு பச்சைக் கதவு.

அப்போதுதான் எனக்கு உச்சந்தலையில் விளக்கு எரிந்தது. எரிந்த வேகத்தில் அணைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அத்தான்... கடைக் கதவு எப்படி இருக்கும்னு ரோபோவுக்குச் சொல்லிக் குடுக்க முந்நூறு படம் தேவைப்பட்டது. போட்டோ எடுக்கச் சோம்பலா இருந்தது. நீங்க நம்ம கடைக் கதவத்தானே ஆமைக்கு வரைவீங்க, அதனால உங்க பழைய படக்கதைங்களக் காட்டிட்டேன்."

"முந்நூறும்?"

"முந்நூறும். எல்லாத்துலயும் கதவு மூடியே இருந்தது."

அத்தான் தலையைச் சொறிந்தார். "திறந்தா உள்ள இருக்குற சாமானெல்லாம் வரையணுமே மாப்ளே. யாரு வரையிறது?"

இரண்டு சோம்பேறிகள் சேர்ந்து ஆறு ரோபோக்களை வளர்த்திருக்கிறோம். மூடிய பச்சைக் கதவின் முன் நில், அது திறந்தால் வாசலை ஒட்டிய பெஞ்சில் துணியை வை, பிறகு உள்ளே போ. அவ்வளவுதான் அவற்றுக்குத் தெரியும். அன்று வெயிலுக்காக அக்கா கடைக் கதவை ஸ்டூல் போட்டு விரியத் திறந்து வைத்திருந்தாள். மூடிய கதவு காணாமல் போகவே, பாவம், தேடிக் கிளம்பிவிட்டன.

மணி மூன்றே கால். மூன்றாவது ரோபோவின் பிடியில் காக்கிச் சட்டை தெரிந்தது. டிரைவர் இழுத்தார், நான் இழுத்தேன். தையல் விடுகிற சத்தம் கேட்டு இருவரும் விட்டுவிட்டோம். ரோபோவின் சுவிட்சை அணைத்தேன். கிடுக்கி இன்னும் இறுகியது. அவசரமாக மறுபடி போட்டேன். என் பேண்ட் பையில் இருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன், அதன் பிடி தனியாகவும் கம்பி தனியாகவும் வந்தது.

"நீங்க அதத் தொடாதீங்க தம்பி" என்றார் டிரைவர், மரியாதையாகத்தான்.

காலையில் எடுத்துச் சுவரோரம் போட்டிருந்த மறைப்புத் துணியால் படத்துக் கதவை மூடிப் பார்த்தோம். கதவு மறைந்ததும் ஆறும் திரும்பி வேறு கதவு தேடித் தெருவுக்குக் கிளம்பின. பதறிப்போய் மறைப்புத் துணியை உருவினோம். திரும்பி வந்து அதே இடத்தில் நின்றன.

"அத்தான், கதவத் திறந்தாத்தான் ஆகும்."

"சுவரு மாப்ளே அது."

"திறந்த மாதிரி வரைங்க."

அத்தான் சுவரைப் பார்த்தார். ஒரு மாத வேலை. கதவில் மட்டுமே பதினோரு வகைப் பச்சை இருப்பதாக வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். பிறகு பூச்சட்டை மனிதரைப் பார்த்தார். நூலகக் கொட்டகையிலிருந்து பெயின்ட் டப்பாவை எடுத்துவந்து, பச்சைக்கு மேல் கறுப்பைப் பூசினார்.

ரோபோக்கள் அசையவில்லை.

"உள்ள ஒண்ணுமே இல்லாத இருட்டுல எப்படி வைக்கும்? பெஞ்ச் போடுங்க அத்தான்."

பெஞ்ச் வரைந்தார். அதற்குப் போய் மர ரேகை போட ஆரம்பித்தார்.

"சார், நாற்காலியா இருந்தாக்கூட எனக்குப் பரவால்ல சார்!" டிரைவர் கெஞ்சினார். மணி மூன்றரை.

கறுப்புக்குள் பெஞ்சின் நான்காவது கால் வந்ததும் 'டிக்' என்றது. ஆறு கிடுக்கிகளும் ஒன்றாகத் திறந்தன. காக்கி தரையைத் தொடுவதற்குள் டிரைவர் பாய்ந்து பிடித்தார். அங்கேயே, அத்தானுக்குப் பின்னால் நின்று மாற்றிக்கொண்டார். ஒரு தோளில் ஈரக் கறுப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தது. சொல்ல வாய் எடுத்தேன். அவர் அதற்குள் ஓடியிருந்தார். அறுபது வயதில் அவர் ஓடிய மாதிரி ஓட என்னால் முப்பதிலேயே முடியாது.

கதவு திறந்துவிட்டது, துணியை வைத்தாயிற்று, இனி உள்ளே போக வேண்டியதுதானே? ஆறு ரோபோக்களும் சுவரில் போய் முட்டின. பின்வாங்கின. மறுபடி முட்டின.

"இத எப்படி நிறுத்துறது?" என்றார் அத்தான், கையில் பிரஷ்ஷோடு.

"தெரியல அத்தான்."

நாலு மணி தாண்டி இரண்டு நிமிடத்தில், நூலகத்தை ஒட்டிய சாலையில் பஸ் திரும்பியது. நாங்கள் இருவரும் கையைத் தூக்கி ஆட்டினோம். டிரைவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. வண்டி ஓட்டும்போது அவர் சாலையைத் தவிர எதையும் பார்ப்பதில்லையாம், பிறகு அக்கா சொன்னாள்.