உப்பு அம்பாரத்து முனை

கண் தெரியாத தமிழ்நிலாவை, "இனி பஸ் ஸ்டாப்புக்குத் தனியாவே போ" என்று அனுப்பிவிட்டு, சில்வியா டீச்சர் பன்னிரண்டு நாளாகச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள்.

உப்பளத்து முனையில் ஓலை போர்த்திய உப்பு அம்பாரம்தான் டீச்சர் சொல்லிக்கொடுத்த அடையாளம். வெள்ளைக்கோல் ஓலையில் பட்டுச் சரசரத்தால் நிற்க வேண்டும். அடுத்தது மெயின் ரோடு. விற்கிற சரக்கைப் போய் யாராவது அடையாளம் வைப்பார்களா? இன்று அம்பாரத்தைக் காணோம். லாரி அள்ளிக்கொண்டு போயிருந்தது.

தமிழ்நிலா நிற்காமல் நடந்தாள். பாண்டிச்சேரி பஸ் பறந்து வந்தது.

"நில்லுடி!" என்று டீச்சர் அலறினாள்.

நின்றாள். பஸ் அவள் முகத்தில் மணலை வாரியடித்துவிட்டுப் போனது.

"டீச்சரா? தினமும் பின்னாடியே வர்றீங்களா?"

டீச்சர் கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டாள்.

"தனியாப் போறேன்னு ஊரு பூரா சொல்லிட்டேனே, டீச்சர்" என்று தமிழ்நிலா கோலை மடித்தாள்.