ஒலியறையில் நாலு இழை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருஷத்துச் சித்திரையில், அருப்புக்கோட்டையே காற்றுக்காக ஜன்னலைத் திறந்து வைத்திருந்தபோது, சேலை வியாபாரி சென்னகேசவன் தம் வீட்டு அறை ஒன்றின் ஜன்னல்களை மெத்தை வைத்து அடைத்தார். சுவரெல்லாம் பஞ்சு. ஃபேன் கிடையாது, சங்கீதத்தைக் கெடுக்குமாம். வாசலில் 'ஒலியறை' என்று பலகை வேறு.

தறிக்குப் போகும் பாவு நூலை அடுக்கி வைத்திருந்த அறை அது. நூலெல்லாம் இப்போது அடுப்படியில்.

"சோத்துல நூலு கெடக்குன்னு யாரும் எங்கிட்டக் கேக்கப்படாது" என்று மனைவி சௌடம்மாள் சொல்லிவிட்டாள்.

ஒரே ஒரு சங்கடம். முப்பது வருஷம் தறிக்குழிச் சத்தத்தில் உட்கார்ந்து எழுந்த காது அவருடையது. பஸ் ஹாரனும் பால்காரன் மணியும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். இது தமக்கும் சௌடம்மாளுக்கும் மட்டுமே தெரியும் என்று நம்பியிருந்தார். எதிர் ஜவுளிக்கடை ஜோதிலிங்கத்துக்கும் தெரியும்.

மதுரை ரேடியோ வியாபாரி நல்லமுத்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும் என்று இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார்.

"அண்ணாச்சி, இது ஜெர்மன். மந்தரத்துல யானை நடக்கும். அது இங்கிலீஷ். உச்சத்துல வெள்ளிக் கொலுசு."

சென்னகேசவன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "யானைக்கு வலது கால் லேசா நொண்டுது" என்றார். நல்லமுத்து பயந்துபோய் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

சேதி கேட்டு ஜோதிலிங்கம் வந்தார். "ஏலே கேசவா, கண்ணைக் கட்டிக்கிட்டு எது ஜெர்மன்னு சொல்லிரு. ஊரறிய மாலை போடுறேன். சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா பாவு உள்ள வரும்" என்றாள் சௌடம்மாள், வாசலிலிருந்து.

"ஞாயித்துக்கெழமை மாலையோட வாலே" என்றார் சென்னகேசவன்.

சனிக்கிழமை சாயங்காலம் தனியாகப் போய் இரண்டு பெட்டிகளின் முகத்துணியையும் தடவிப் பார்த்தார். இங்கிலீஷ் துணி சாக்கு மாதிரி. ஜெர்மன் துணி வெண்ணெய். விரல் போதும், காதுக்கு இதில் வேலையே இல்லை.

ஞாயிறு மத்தியானம் கண்ணைத் துண்டால் கட்டினார்கள். நாகஸ்வர ரிக்கார்டு ஓடியது. பெட்டிகளை மாற்றி மாற்றி வைத்தார்கள்.

"தொட்டாத்தான் அதிர்வு பிடிபடும். வெளிநாட்டுல அப்பிடித்தான்" என்று கையை நீட்டினார். முதல் பெட்டி, சாக்கு. இரண்டாவதைத் தொட்டார். வெண்ணெய் இல்லை! கஞ்சி விறைப்பாக, நெருடலாக ஏதோ ஒன்று. இருந்தாலும் அது இங்கிலீஷ் என்றால் இது ஜெர்மன்தானே? ஒரு வார்த்தை சொன்னால் மாலை கழுத்தில், அறை கையில்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் துணியை விடவில்லை. ஒரு தரம் நிமிண்டின. இன்னொரு தரம் நிமிண்டின. முதலில் வீட்டில் பேசும் கன்னடத்தில் கத்தினார். நல்லமுத்துவுக்கும் புரியட்டும் என்று மறுபடி தமிழில் கத்தினார்.

"ஏலே ஜோதிலிங்கம்! இது ஒங்கடைத் துணில்ல! இஞ்சுக்கு நாலு இழை கொறையுதுலே!"

நல்லமுத்து குறுக்கே வந்தார். "காலையில நம்ம வீட்டு அக்காவோட ஆடு பொட்டித் துணியத் தின்னுருச்சு அண்ணாச்சி. எதிர்க்கடையில ஒரு கெசம் வாங்கி அடிச்சேன்."

ஆடு அறைக்குள் எப்படிப் போனது என்று சௌடம்மாளை யாரும் கேட்கவில்லை.

"நாலு இழையா? எண்ணுலே பாப்பம்!" என்று ஜோதிலிங்கம் பாய்ந்தார்.

சென்னகேசவன் கண்கட்டை அவிழ்த்து வீசினார். இழை எண்ணும் கண்ணாடி வந்தது. யானையும் கொலுசும் யாரும் கேட்காமல் தம்பாட்டுக்கு முழங்கின.

"அறுபது இழைன்னு சீட்டு ஒட்டி விக்கிற. அம்பத்தாறு!"

ஜோதிலிங்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது கெடக்கட்டும். எது ஜெர்மன்? அதச் சொல்லு."

"அத இப்ப யாரு கேட்டா? தம்பி, பொட்டி ரெண்டையும் தூக்கிக்கிட்டுப் போ. துணி இங்க இருக்கட்டும்."

சௌடம்மாள் அதற்குள் முதல் நூல் கட்டோடு உள்ளே வந்து, ஜன்னல் மெத்தையை இழுத்துப் போட்டுவிட்டாள்.

ஒலியறைப் பலகையைக் கழற்ற யாருக்கும் நேரமில்லை. அதற்குக் கீழே அந்தத் துணியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, அதை ஆணியடித்து மாட்டினார் சென்னகேசவன். வருகிறவர்கள் கையிலெல்லாம் கண்ணாடியைக் கொடுத்து எண்ணச் சொன்னார். ஜோதிலிங்கம் அன்றிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குச் சுற்றிப் போகிறார்.