தலையணைக்கு அடியில்

ஜெகநாதன் சார் ஒரு கைக்கடிகாரத்தை டிஷ்யூவில் சுற்றி என் கையில் வைத்தபோதே ஏதோ வில்லங்கம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. லினன் ரூமில் அன்றைக்கு வேண்டிய துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மனிதர் கதவைச் சாத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தார். ரிசார்ட் மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு நல்ல சேதி சொன்னதாகச் சரித்திரமே கிடையாது.

"ஆறாம் நம்பர் காட்டேஜ்ல, தலகாணிக்கு அடியில வச்சிருங்க சுகுணா. ஸ்கூல் பசங்க ஒவ்வொருத்தரா உள்ள போய் பெட் போடட்டும். யாரு என்ன பண்றாங்கன்னு பாப்போம்."

"சுத்திப் பாக்க வர்ற புள்ளைங்க சார் அதுங்க."

"அதுங்க நம்மளப் பாக்கட்டும். நாமளும் அதுங்களப் பாப்போம்." சிரித்தார். "உங்க பொண்ணும் வருதாமே? முன்கூட்டியே சொல்லி வச்சிராதீங்க."

எங்கள் ரிசார்ட்டில் இது வழக்கம்தான். ஹவுஸ்கீப்பிங்குக்குப் புதிதாக யார் வந்தாலும் முதல் வாரத்தில் அறைக்குள் ஏதாவது ஒன்று கிடக்கும். நான் சேர்ந்தபோது அலமாரி ஓரத்தில் சங்கிலி கிடந்தது. பதறி அடித்துக்கொண்டு ஓடிப்போய்க் கொடுத்தேன். கவரிங் என்று பிறகு ஒரு பெங்காலி அக்கா சொல்லிச் சிரித்தாள். கொடுத்தால் வேலை நிலைக்கும், மறைத்தால் அடுத்த கப்பலில் ஊருக்குப் போகவேண்டியதுதான். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் இதையா வைப்பார்கள்? அதுவும் என் கையாலேயே?

என் மகள் கார்த்திகா கடலுக்கு அந்தப் பக்கம் புரோத்ராபூரில் அவள் அப்பாவோடு இருக்கிறாள். பன்னிரண்டாவதில் டூரிசம் பாடம் எடுத்திருக்கிறாள். இந்த விசிட்டில் பிடித்துப்போகிற ஒரு பிள்ளைக்குப் பரீட்சை முடிந்ததும் ட்ரெய்னி வேலை என்று ரிசார்ட்டில் சொல்லியிருந்தார்கள். குவார்ட்டர்ஸில் என் பக்கத்துக் கட்டில் காலியாகத்தான் கிடக்கிறது. இந்த ஹேவ்லாக் தீவுக்கு வேலைக்கு வந்ததிலிருந்து என் மகளோடு சேர்ந்தாற்போல் ஒரு வாரம்கூட நான் இருந்ததில்லை. அந்தக் கட்டிலுக்கு மனசுக்குள் எப்போதோ விரிப்பு மாட்டி வைத்துவிட்டேன்.

யோசிக்க யோசிக்கச் சந்தேகம் ஜெகநாதன் சார் பக்கம் திரும்பியது. இது பிள்ளைகளுக்கு வைத்த பொறியா, எனக்கு வைத்ததா? கார்த்திகா கடிகாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தால், அம்மாக்காரி சொல்லிக் கொடுத்துவிட்டாள் என்பார். கொடுக்காவிட்டால் திருடி என்பார். எப்படிப் போனாலும் அந்த ஆளுக்குத்தான் ஜெயம். கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியில் பிள்ளைகள் இறங்கும்போது மகள் காதில் ஒரு வார்த்தை போட்டுவிடலாம் என்று பார்த்தேன். வேன் பக்கத்தில் அவரே வந்து நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் என்றைக்கு ஜெட்டிக்கு வந்திருக்கிறார்?

கூட வந்திருந்த சித்ரா மிஸ்ஸுக்கு ஒரே உற்சாகம். "வேலை நடக்கற எடத்தக் கண்ணால பாத்தாத்தான் பசங்களுக்கு பயம் தெளியும்கா. க்ளாஸ்ல நான் தொண்டை கிழியக் கத்தினாலும் இது வராது."

அவர் சொன்னதிலும் பொய்யில்லை. வரவேற்பில் வாயே திறக்காமல் நின்ற பிள்ளைகள், கிச்சன், லாண்டிரி என்று சுற்றிவருவதற்குள் கேள்விமேல் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கெஸ்ட் கோபமாகக் கத்தினால் என்ன சொல்வீர்கள் என்று கார்த்திகா ஃப்ரண்ட் ஆபீஸ் பெண்ணிடம் கேட்டாள். அவள் சொல்லச் சொல்ல இவள் உதடும் கூடவே அசைந்தது. வீட்டில் தண்ணீர் மோந்து குடிக்கச் சோம்பல்படுகிறவள் இங்கே நிமிர்ந்து நின்ற நிற்பைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. படுக்கை போடுவதை நான்தான் அவர்களுக்குச் செய்து காட்டினேன்.

அதற்குப் பிறகு ஆறாம் நம்பர்.

அருண்பிரசாத் என்கிற பையன் போன வேகத்தில் கடிகாரத்தோடு ஓடிவந்தான். "ஆன்ட்டி, யே மிலா! இது கெடந்துச்சு!" ஜெகநாதன் சார் அவன் முதுகில் தட்டி, வெளியே சொல்லாதே என்று அனுப்பினார். ஒவ்வொரு பிள்ளை போட்ட படுக்கையையும் கலைத்து, பழைய தலையணை உறையை மாட்டி, கடிகாரத்தைத் திரும்ப வைப்பது என் வேலை. கடைசியாக கார்த்திகா உள்ளே போனாள்.

நான் வெளியே வராந்தாவில் நின்றேன். எடுக்க மாட்டாள், எனக்குத் தெரியாதா? ஆனாலும், போன லீவில் அவள் கையில் ஒரு புது ஹெட்போன் பார்த்தேனே, தோழி கொடுத்தாள் என்றாளே, எந்தத் தோழி என்று மனசு நோண்ட ஆரம்பித்தது. சீ, நானெல்லாம் ஒரு தாயா என்று இருந்தது. இருந்தும் நோண்டல் நிற்கவில்லை.

வெளியே வந்தாள். என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் மற்ற பிள்ளைகளோடு போய் நின்றுகொண்டாள்.

ஜெகநாதன் சார் எனக்கு முன்னால் உள்ளே பாய்ந்தார். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. தலையணையைத் தூக்கினார். கடிகாரம் வைத்த இடத்திலேயே இருந்தது. எனக்கு உயிர் வந்தது.

"பாத்திருக்கு சுகுணா. உறை மாத்தியிருக்கே, பாக்காம எப்படி மாத்தும்? பாத்துட்டு வாயத் தெறக்காத ஆளுதான் ஆபத்து. நாளைக்கு எவனாவது சுருட்டினாலும் இப்படியேதான் நிக்கும்." படுக்கையை மறுபடி ஒரு பார்வை பார்த்தார். "வேலை என்னவோ சுத்தம். ஏன் சொல்லலன்னு கேட்டுட்டு வாங்க. பதில் சரியா இருந்தா எடுத்துக்கலாம்."

சாயங்காலக் கப்பலுக்கு ஜெட்டியில் வரிசை நின்றது. கார்த்திகாவைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனேன்.

"ஏண்டி, தலகாணிக்கு அடியில வாட்ச் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"வாயில என்ன கொழுக்கட்டையா? ஏன் சொல்லல?"

அவள் துப்பட்டா நுனியை எடுத்து இரண்டு மடிப்பாக மடித்து, மடிப்பை உள்ளே தள்ளிக் காட்டினாள்.

"உறையோட வாய இப்படி மடிச்சிருந்துச்சு. நம்ம வீட்ல நீ மடிக்கிற மாதிரி. வேற யாரும்மா அப்படி மடிப்பாங்க? நீ லீவு முடிஞ்சு போனப்பறம் அந்தத் தலகாணிய நான் ரொம்ப நாள் கலைக்கவே மாட்டேன். அதான், உள்ள போனதும் எங்கம்மா கைன்னு குஷியாயிருச்சு. தூக்குனா, வாட்ச்."

கலைப்பதும் மாட்டுவதுமாக இருந்த அவசரத்தில் கை தன் பழக்கத்துக்குப் போயிருக்கிறது.

"அவங்க சந்தேகப்பட்டா படட்டும். உனக்குமா என் மேல சக்?"

"சார்தான்டி வைக்கச் சொன்னாரு..."

"டீக் ஹை, சரி. வச்ச ஆளே எடுத்துக்கட்டும்னு விட்டுட்டேன்."

சித்ரா மிஸ் கைதட்டிக் கூப்பிட்டார். கார்த்திகா திரும்பிப் பார்க்காமல் கப்பலுக்குள் போனாள். வராந்தாவில் எனக்கு வந்த நினைப்பை அவள் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் திரும்பி வந்தபோது ஜெகநாதன் சார் ஆறாம் நம்பர் வாசலில் நின்றிருந்தார். "என்ன சொல்லுச்சு?"

"பயந்துட்டாளாம் சார்."

"பயமா?" அவர் முகம் மலர்ந்தது. "அப்ப சரி. பயம் இருந்தாப் போதும், மத்ததெல்லாம் நாம கத்துக் குடுத்துரலாம். பரீட்ச முடிஞ்சதும் வரச் சொல்லுங்க. இங்க கெஸ்ட் வர்ற நேரம், வாட்ச்ச எடுத்து வச்சிருங்க. அடுத்த வாரம் வேற ஸ்கூல் வருது."

வேலை கிடைத்துவிட்டது. அவள் வருவாளா என்றுதான் தெரியவில்லை. கடிகாரத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, கார்த்திகா உறை மாட்டிய தலையணையைக் கையில் எடுத்துத் திருப்பினேன். உறையின் வாய், எங்கள் வீட்டு இரண்டு மடிப்பாக இல்லாமல், காலையில் நான் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுத்த ரிசார்ட் முறைப்படி, ஒற்றை மடிப்பாக, ஓரம் பிசகாமல் உள்ளே போயிருந்தது.