நாலாவது புதன் நம்ம வீடு

ஞாயிறு ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தபோது, சபை வாசலில் பதினாலு தாள் ஒட்டியிருந்தார்கள். ஒரு தாளுக்கு ஒரு குழு, ஒரு குழுவுக்கு நாலைந்து தெரு. பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளைகள் மாதிரி எல்லாரும் முண்டியடித்தார்கள். "நீங்க எந்தக் குழு?", "அட, நம்ம ரெண்டு பேரும் ஒண்ணுதான்!" என்று ஒரே சத்தம்.

காலர்க்கா மட்டும் கூட்டம் கலையட்டும் என்று தூணோரம் நின்றாள். யூனிபார்ம் தைக்கிற கம்பெனியில் பதினோரு வருஷமாகக் காலர் மட்டுமே தைக்கிறவள். அங்கே வைத்த பெயர் சபைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் கூட நாலைந்து பேர்தான். அறுநூறு பேர் வருகிற சபையில் கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்து, கடைசி ஜெபம் முடிவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறவளை யாருக்குத் தெரியும்? அதற்காகத்தான் அவள் இந்தப் பெரிய சபையைத் தேடி வந்தாள்.

குழு பிரித்ததற்குக் காரணம் ஒரு கடிகார ரிப்பேர்க்காரர். ஆரம்ப நாளிலிருந்து சபைக்கு வருகிற தனிக்கட்டை. கால் முறிந்து இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. மனசில்லாமல் இல்லை, விஷயமே தெரியாது. ஊன்றுகோலோடு திரும்பி வந்தவர், "நான் வரலைங்கறது யாருக்காவது தெரிஞ்சுதா பாஸ்டர்?" என்று கேட்டாராம். பாஸ்டர் அதை மேடையிலிருந்தே சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றார். இனிமேல் தெருத் தெருவாகக் குழு, வாரம் ஒரு வீட்டில் கூடுவது, ஒருத்தரை ஒருத்தர் விசாரித்துக்கொள்வது என்று அன்றே முடிவாயிற்று.

ஏழாவது தாளில் அவள் பெயர் இருந்தது. தலைவி, ரிட்டயர் ஆன நர்ஸம்மா. முதல் புதன் பஸ் டிரைவர் வீடு, இரண்டாவது கணக்கு டீச்சர் வீடு, மூன்றாவது நர்ஸம்மா வீடு. நாலாவது புதனுக்கு நேரே தன் பெயரைப் பார்த்ததும், வேறு யாராவதாக இருக்கக்கூடாதா என்று இன்னொரு தரம் படித்தாள்.

ஏனென்றால் அவள் வீட்டில் ஒரு ஆள் இருந்தார். அது யாருக்கும் தெரியாது.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டரை வருஷத்துக்கு முன்னால், ஒரு கட்டடத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது லிஃப்ட் இறங்கி, கீழே நின்ற நண்பர் இறந்துபோனார். சுவிட்சில் கோளாறு, இவர் மேல் தவறில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை அவர் படிக்கவே இல்லை. அதன்பின் வீட்டைவிட்டு இறங்கவும் இல்லை. துணி துவைப்பார், காய் நறுக்குவார், அவள் வரும்போது தேநீர் தயாராக இருக்கும். ஆனால் காலிங் பெல் அடித்தால் போதும், பாத்ரூமுக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வார். ஊரின் இன்னொரு கோடிக்கு வீடு மாறினார்கள். கீழே பூட்டிக் கிடக்கும் கடை, மேலே இவர்கள் வீடு மட்டும். கேட்டவர்களிடம், "அவர் வெளியூர்ல வேலை பாக்கறார்" என்று சொல்லிவைத்தாள்.

அன்று மதியம் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, சபையில குழு பிரிச்சிருக்காங்க. நாலாவது புதன் நம்ம வீடு."

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "எத்தனை பேர்?"

"எல்லாரும் வர மாட்டாங்க. பத்து பேர் இருக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"ஒன்றரை மணி நேரம்."

"நான் பாத்ரூம்ல இருந்துக்கறேன்."

"ஒன்றரை மணி நேரமா?"

"இருந்துக்கறேன்ம்மா" என்றார். அடம்பிடித்திருந்தாலாவது தேவலை. அந்தப் பணிவுதான் அவளைக் கொன்றது.

முதல் மூன்று புதன்களும் நன்றாகவே போயின. அதுதான் வம்பாகப் போயிற்று. டிரைவர் தொண்டை கிழியப் பாடினார். நர்ஸம்மா எல்லாருடைய மாத்திரைச் சீட்டையும் வாங்கிப் பார்த்து அதட்டினார். இவளும் வாய் விட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு உடனே, அதிகமாக ஒட்டிவிட்டோமோ என்று பயந்தாள். பயந்தபடியே டீச்சர் பிடித்துக்கொண்டார்.

"போன வாரம் உங்க வீட்டுக்காரர் துறைமுகத்துல வேலைன்னீங்க. இப்ப ஆஸ்பத்திரி லிஃப்டுங்கறீங்களே?"

"ரெண்டும்தான் டீச்சர். மாத்தி மாத்திப் போடுவாங்க."

"அப்ப லீவே கிடையாதா?"

"இல்ல" என்று சொல்லிவிட்டு, கேட்காமலே எழுந்து போய் எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நாலாவது புதன் காலையில் நர்ஸம்மாவுக்குப் போன் செய்தாள். குரலைக் கம்மலாக்கிக்கொண்டு, "காய்ச்சலா இருக்கும்மா. இன்னைக்குக் கூட்டத்தை வேற வீட்டுல வச்சுக்கலாமா?" என்றாள்.

"எத்தனை டிகிரி?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. "நூத்திமூணு."

"படுத்துக்கோ. கூட்டத்தை நான் பாத்துக்கறேன்" என்று போனை வைத்துவிட்டார் நர்ஸம்மா. மலையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கணவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, வழக்கம்போல வேலைக்குக் கிளம்பினாள். தெருமுனையில் தெரிந்த முகம் எதுவும் இல்லையே என்று பார்த்துக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.

கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். மூன்றரை மணி இடைவேளையில் எடுத்துப் பார்த்தாள். பதினோரு மிஸ்டு கால். கடைசியில் டிரைவரின் குரல் பதிவு ஒன்று.

"காலர்க்கா, நாங்க உங்க வீட்டு வாசல்லதான் நிக்கறோம். நர்ஸம்மா சூப் கொண்டாந்திருக்காங்க. பெல் அடிச்சோம், உள்ள ஏதோ விழுந்த சத்தம் கேட்டுச்சு. அப்புறம் எவ்வளவு கூப்பிட்டும் பதில் இல்ல. பயப்படாதீங்கக்கா, கதவை உடைச்சுட்டு வர்றோம்."

திருப்பிக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. நர்ஸம்மாவும் எடுக்கவில்லை. சூப்பர்வைசரிடம், "வீட்டுல..." என்று மட்டும் சொல்லிவிட்டு, கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்போடு ஓடினாள்.

பஸ் ஊர்ந்தது. பெல் சத்தத்துக்கே நடுங்குகிற மனுஷர். கதவு உடைகிற சத்தத்தை அந்தச் சின்னப் பாத்ரூமுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். என்ன செய்வார்? தலையை எங்கேயாவது முட்டிக்கொள்வாரா? நெஞ்சு அடைத்துவிட்டால்? கூட்டத்தை வேறு வீட்டுக்கு மாற்ற ஒரு பொய் சொன்னேனே, அதில் காய்ச்சலைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லையா? அதுவும் ஒரு நர்ஸிடம் போய்! சிக்னலில் பஸ் நின்றது. இன்னும் இரண்டு ஸ்டாப் இருந்தது. இறங்கி ஓடினாள்.

வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. தாழ்ப்பாள் ஒற்றை ஸ்குரூவில் தொங்கியது. படியில் டிரைவர், பிளாஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"மன்னிச்சிருங்கக்கா. கதவு உடைஞ்சதும் உள்ளேருந்து ஆம்பளைக் குரல் கேட்டுச்சு. 'அவ இங்க இல்ல, அவளுக்கு ஒண்ணுமில்ல'ன்னு. நான் திருடன்னு நெனச்சுட்டேன். இந்தப் பிளாஸ்க்கைத்தான் ஓங்கிட்டுப் போனேன்..."

அவள் அவரைத் தாண்டி உள்ளே பாய்ந்தாள். பாத்ரூம் வாசலில், ஈரத் தரையில் அவர் உட்கார்ந்திருந்தார். சட்டை வேர்வையில் தொப்பலாகியிருந்தது. பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நர்ஸம்மா நாடி பார்த்துக்கொண்டிருந்தார். உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தார். "நூத்திமூணு டிகிரியோட எங்கடி போயிட்டு வர்ற?"

"நான் பொய் சொல்லிட்டேம்மா."

"அது தெரியுது. இவரும் எல்லாம் சொல்லிட்டார். முப்பத்தோரு வருஷம் வார்டுல இருந்தவகிட்டயே சொல்லியிருக்கே. இவரை இப்படி வச்சுக்கிட்டு, ரெண்டரை வருஷமா ஒரு டாக்டர்கிட்டயாவது காட்டினியா? எங்ககிட்ட சொல்ல வேண்டாம். யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" அவர் குரலில் நிஜமான கோபம் இருந்தது. சூப் கொண்டுவந்த அம்மாள்தானா இது என்று இருந்தது.

அவள் வாயைத் திறக்குமுன் கணவர் பேசினார். பல் கிட்டித்துக்கொண்டிருந்தது, ஆனாலும் பேசினார். "அவளைத் திட்டாதீங்கம்மா. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்."

வேற்று மனிதர்களிடம் அவர் பேசி அவள் கேட்டது இரண்டரை வருஷத்துக்குப் பிறகு அன்றுதான். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நர்ஸம்மா அழ விட்டார். கூட்டம் அன்று எந்த வீட்டிலும் நடக்கவில்லை.

மறுநாள் காலையில் டிரைவர் புதுத் தாழ்ப்பாள் ஒன்றை வாங்கிக்கொண்டு, பெல் அடிக்காமல் படியில் நின்று குரல் கொடுத்தார். பஸ் ஓட்டத் தெரிந்தவருக்கு ஸ்குரூ முறுக்கத் தெரியவில்லை. பத்து நிமிஷம் கடமுடவென்று போராடினார். உள்ளறையிலிருந்து, "தலைகீழா வச்சிருக்கீங்க" என்று ஒரு குரல் வந்தது. வந்தது குரல் மட்டும்தான். டிரைவர் திருப்பிப் பொருத்தினார். பிறகு ஒரு பேச்சும் பேசாமல் போய்விட்டார். அதற்காக அவள் அவருக்கு என்றைக்கும் கடமைப்பட்டவள்.

எல்லாம் சுபமாக முடிந்துவிடவில்லை. டீச்சர் அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். 'இத்தனை கேள்வி கேட்டேன், என்னை முட்டாளாக்கிட்டாங்க' என்று சொன்னதாகக் காதில் விழுந்தது. குழுவில் இன்னொரு குடும்பம், வேறு குழுவுக்கு மாற்றிக் கேட்டது. சபைக்குப் போகிற ஒவ்வொரு ஞாயிறும் முதுகில் கண்கள் ஊர்வது போல இருந்தது. நர்ஸம்மா மட்டும் செவ்வாய்தோறும் வந்தார். உள்ளறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் சொல்லுவார். ஆறாவது செவ்வாயன்று கதவு திறந்தது. எட்டாவது வாரம், மனநல டாக்டரைப் பார்க்கக் கணவர் சம்மதித்தார்.

பன்னிரண்டு படி இறங்க இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. நாலாவது படியில் திரும்பிவிட்டார், மறுபடி இறங்கினார். டிரைவர் தன் காரின் இன்ஜினை அணைத்துவிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு காத்திருந்தார். டாக்டர் இருந்தது மூன்றாவது மாடியில். லிஃப்ட் இருந்த பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படியேறினார்கள்.

வரவேற்பறையில், மடியில் விடைத்தாள் கட்டோடு டீச்சர் உட்கார்ந்திருந்தார். நர்ஸம்மா சொல்லி வந்திருக்க வேண்டும். இவளைப் பார்த்ததும் சிவப்புப் பேனாவைத் திரும்பத் தாளில் ஓட விட்டார். கூப்பிட்டார்கள். கணவர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. அவள் கதவருகிலேயே நின்றாள். உள்ளே பேச்சு கேட்கிறதா, அவர் குரல் வருகிறதா, எழுந்து ஓடி வந்துவிடுவாரோ?

டீச்சர் பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்துத் தரையில் வைத்தார்.

"வந்து உக்காருங்க" என்றார், தாளிலிருந்து தலை தூக்காமல். "நின்னா மட்டும் சீக்கிரமா முடிஞ்சிடப் போகுதா?"

அவள் போய் உட்கார்ந்தாள். கண் மட்டும் கதவிலேயே இருந்தது.